கச்சான் காலத்து வளவு

மாரி மழையைப் பற்றி எமது சஞ்சிகையில் ஆண்டுதோறும் இரண்டு கவிதையாவது வந்துவிடும். மழைக்கு ஒன்று, மண்வாசனைக்கு ஒன்று. கச்சான் காற்றைப் பற்றி ஒருவரும் எழுதி நான் காணவில்லை. எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உதடு வெடிக்கும். கண் எரியும். கொடியில் போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில் விறைத்துப்போகும். கதவு தானாக அடிபட்டுத் தூங்குகிற பிள்ளை எழும்பும். வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் சுருளில் வாங்கித் தின்கிற கச்சான்தான் நினைவு வரும். எங்கள் கரையில் முதலில் காற்று, பிறகுதான் கொட்டை.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறிக் கிழக்குக் கரைக்கு இறங்குகிறது. அதுதான் கச்சான். மே மாதத்தில் தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் விடாது. ஓகஸ்ட், செப்டெம்பர் அதன் கடைசிக் கட்டம். சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்து வயல்கள் மொட்டையாகக் கிடக்கும். குளங்கள் வற்றி ஓரம் வெடித்திருக்கும். மாரிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். ஊர் முழுக்க மண்ணிறமாகிப்போன அந்த நாட்களில், எங்கள் பின்வளவில் ஏழெட்டுப் பாத்தி அளவுக்குப் பச்சை நிற்கும்.

வீட்டுத்தோட்டத்தின் அருமை மாரியில் தெரியாது என்பது என் அபிப்பிராயம். மாரியில் எல்லாம் தானாக முளைக்கும். நாம் நட்டதும் முளைக்கும், நடாததும் முளைக்கும், மதிலில்கூடப் பாசி முளைக்கும். கச்சானில் ஒரு செடி உயிரோடு நிற்கிறது என்றால், யாரோ ஒருவர் அதற்கு நேற்றும் தண்ணீர் விட்டிருக்கிறார், முந்தாநாளும் விட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் வளவில் அப்படி நிற்பவற்றைச் சொல்கிறேன். கத்தரி ஆறு. கொச்சிக்காய் எட்டு, அதில் இரண்டு இலை சுருண்டு போனவை. வெண்டி ஒரு வரிசை. பயற்றங்காய் கம்பில் ஏறி, காற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறது. பீர்க்கும் புடோலும் ஒரே பந்தலில் சண்டை பிடிக்கின்றன. பூசணி யாரையும் கேட்காமல் குளியலறைக் கூரை வரை போய்விட்டது. கிணற்றடியில் வல்லாரையும் ரம்பையும். மூலையில் முருங்கை. முருங்கைக்குக் கச்சான் என்றால் ஒரு பொருட்டேயில்லை. தக்காளி எங்களுக்குச் சரிவராது. பூக்கும், உதிரும், எங்களைப் பார்த்து நிற்கும். மூத்தம்மா ஒவ்வொரு வருடமும் "இனித் தக்காளி போடவே போடாத புள்ள" என்பார். ஒவ்வொரு வருடமும் அவர்தான் போடுவார்.

இந்தத் தோட்டத்தை நேரம் பார்க்கப் பயன்படுத்தலாம் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். பூசணிப் பூ சுபஹுத் தொழுது முடிய விரிந்திருக்கும், வெயில் ஏறி ஒன்பது பத்து மணிக்கெல்லாம் வாடிச் சுருங்கிவிடும். வெண்டிப் பூ காலையில் மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புக் கண்ணோடு திறக்கும். அதற்கு ஒரே ஒரு நாள்தான். பயற்றம்பூவும் காலைக்காரிதான், மத்தியானத்துக்கு முன் மூடிக்கொள்ளும். பீர்க்கம்பூ பகல் முழுக்க இறுக மூடியிருந்துவிட்டு, அஸருக்குப் பிறகு வெயில் தணிய மஞ்சள் மஞ்சளாக விரியத் தொடங்கும். மஃரிப் முடிந்து போய்ப் பார்த்தால் புடோல் தன் வெள்ளைப் பூவை எடுத்து வைத்திருக்கும். அதன் ஓரம் நூல் பிரித்துவிட்டது போல இருக்கும். லேஞ்சிக்குச் சரிகை பின்னுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பழகியிருக்க வேண்டும். அந்நேரத்தில் வருவது தேனீ அல்ல, அந்துப்பூச்சி. உயிரியல் பாடத்தில் இரவில் பூக்கும் தாவரங்களின் பூ வெள்ளையாகவும் வாசனையாகவும் இருப்பது ஏன் என்று ஒரு விளக்கம் படிக்கிறோம். நான் அதை மனப்பாடம் செய்யவில்லை. புடோல் பந்தலுக்குக் கீழே டோர்ச் லைட்டோடு நின்றால் போதுமாயிருந்தது.

பூசணி விடயம் இன்னும் சுவையானது. வெயில் கூடிய காலத்தில் அதில் ஆண் பூக்கள்தான் அதிகம் வரும். பெண் பூ அரிதாக வரும். அடியில் குண்டுமணி போலச் சின்னப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. காற்று அடிக்கிற நாட்களில் தேனீயும் வருவது குறைவு. அதனால் சுபஹுக்குப் பிறகு ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கழற்றி, உள்ளே இருக்கும் தூள் படிந்த காம்பைப் பெண் பூவில் மெல்லத் தடவிவிடுவேன். உம்மா குசினி யன்னலால் பார்த்துவிட்டு, "விடிய எழும்பிக் கலியாணம் முடிச்சு வைக்கிறா" என்று சாச்சியிடம் சொல்லிச் சிரிப்பார். ஒட்டிவிட்டதா இல்லையா என்பது நாலைந்து நாளில் தெரியும். ஒட்டாத பிஞ்சு மஞ்சளாகி விழும். ஒட்டியது பளபளவென்று பருக்கும். பரீட்சைப் பெறுபேற்றைவிட அதற்காக நான் அதிகம் காத்திருக்கிறேன் என்று வாப்பா சொல்வதை நான் முழுதாக மறுக்கமாட்டேன்.

எங்கள் கரையோர மண் மணல் மண். காலையில் விட்ட தண்ணீர் மாலையில் இருக்காது, எல்லாம் கீழே போய்விடும். மூத்தம்மாவின் வழி, பாத்தி வெட்டும்போதே ஒரு முழ ஆழத்தில் தேங்காய்ப் பொச்சுமட்டையை உள்பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி அதன்மேல் மண்ணும் மாட்டெருவும் போடுவது. பொச்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் அங்கே தேடிப் போகும். மண்ணின் மேலே காய்ந்த இலையும் வாழைச் சருகும் பரப்ப வேண்டும், அதற்கு மேலே காற்றுக்குப் பறக்காமல் இரண்டு தென்னை மட்டை. உச்சி வெயிலில் தண்ணீர் விட்டால் அவர் ஏசுவார். விட்டதில் பாதி வேருக்குப் போகுமுன் ஆவியாகிவிடும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

வுழூச் செய்கிற தண்ணீர் எங்கள் வீட்டில் வீணாவதில்லை. வுழூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு சின்னக் கான் வெட்டி வல்லாரைப் பாத்திக்கும் வாழைக்கும் விட்டிருக்கிறோம். ஐந்து நேரம், ஆறு பேர். கணக்குப் பார்த்தால் கச்சானிலும் வாழை பச்சையாக நிற்பதன் இரகசியம் விளங்கும். என் தம்பி வுழூச் செய்யும்போது குழாயைப் பூட்ட மறப்பதால், அவன் பக்கத்து வாழைதான் கூடக் குலை போடுகிறது. அவனை இதற்காகப் புகழ வேண்டாம் என்று உம்மா தடுத்திருக்கிறார்.

இவ்வளவும் சந்தோசத்தைப் பற்றி. இனி விவாதத்துக்கு வருகிறேன்.

2022ஆம் ஆண்டில் நான் தரம் 9. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, எரிபொருள் இல்லாததால் பாடசாலையும் மூடப்பட்டது. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடைசெய்து, சில மாதங்களில் அந்தத் தடையை நீக்கியும் விட்டார்கள். வயலில் அதற்குள் வந்த நட்டம் வந்துவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறத்தாழ 195 ரூபா. அந்த ஜூன் மாதத்தில் அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்வதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கவும் அரசாங்கம் முடிவு செய்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு மிச்சமில்லை, எல்லோரும் மம்பட்டி தூக்கினார்கள். உரப்பையில் கத்தரி, பழைய வாளியில் கொச்சிக்காய், உடைந்த சலவை மெஷினுக்குள்ளே கங்குன் வளர்த்தவர்களும் உண்டு. நல்ல வளர்ச்சிதான்.

அந்தத் தோட்டங்கள் இப்போது எங்கே? விலை இறங்கியது, காஸ் வந்தது, உரப்பைகள் வெயிலில் கிழிந்தன. இரண்டு வருடத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்து வீட்டு முற்றங்களில் இன்டர்லொக் கல் பதித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்களுக்குத் தோட்டம் என்றால் அந்த வருடம்தான் ஞாபகம் வருகிறது. வரிசையில் நின்ற வருடம், பிள்ளைகளுக்குப் பால்மா இல்லாத வருடம். அந்த ஞாபகத்தின் மேல் கல் பதிக்க யாருக்குத்தான் மனம் வராது?

பாடசாலையிலும் பத்திரிகையிலும் வீட்டுத்தோட்டம் பற்றிச் சொல்லும்போதெல்லாம் சிக்கனம், தன்னிறைவு, சேமிப்பு என்றே சொல்கிறோம். சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் எடுத்தவர்கள் வீட்டுத்தோட்டத்தின் நன்மைகளை வரிசையாக எழுதுவார்கள், அதில் செலவு குறைதல் முதலாவதாக வரும். பயிரிடுவதற்கு அது ஒன்றே காரணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், கையில் காசு வந்த அன்று தோட்டம் போய்விடும். போய்க்கொண்டுதான் இருக்கிறது.

உண்மையான கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வாப்பா ஒருமுறை கொப்பியில் எழுதிப் பார்த்தார். எரு, விதை, மோட்டருக்குக் கரண்ட், வேலி வலை, எல்லாம் கழித்தால் எங்கள் தோட்டத்தால் மிச்சமாவது பெரிய தொகை ஒன்றுமில்லை. கீரை, கொச்சிக்காய், ரம்பை, கறிவேப்பிலை, முருங்கை வாங்குவதில்லை, அவ்வளவுதான். "சந்தையில வாங்கினா இதவிட லேசு" என்றார். கணக்குச் சரி. ஆனால் அன்று பகல் பீர்க்கங்காய்ப் பாலாணமும், கச்சான் காலத்தில் கடல் அடங்கியிருப்பதால் மலிவாக வந்த பாரை மீன் பொரியலும், முருங்கையிலைச் சுண்டலும். வாப்பா இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார். கொப்பியில் அதற்கு ஒரு நிரல் இல்லை.

கணக்கில் வராதவை வேறும் உண்டு. காலையில் தண்ணீர் விட்டதும் புலுனிகள் கூட்டமாக வந்து பாத்தி ஓரத்தில் தேங்கியதைக் குடிக்கும். ஒன்று குடிக்க மற்றது காவல் நிற்கும், பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் கதைக்கும், எங்கள் வகுப்பு மாதிரி. மாதுளையில் பாதி அணிலுக்குப் போகும். நட்டவரின் பயிரில் பறவையோ பிராணியோ தின்றால் அதுவும் அவருக்கு ஸதகா என்ற நபிமொழியை இஸ்லாம் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அணில் பழத்தைத் தின்னும்போது அதை ஞாபகப்படுத்திக்கொள்வது மூத்தம்மாவுக்குச் சுலபம், எனக்கு இன்னும் பயிற்சி தேவை.

இன்னொரு விடயத்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன். அஸருக்குப் பிறகு எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் மைதானத்துக்குப் போவார்கள், கடற்கரைக்குப் போவார்கள். எங்களுக்கு அறை, வகுப்பு, ரியூஷன், திரும்ப அறை. இதில் வானம் எங்கே வருகிறது? பின்வளவில்தான் வருகிறது. யாரும் பார்க்காத இடம், காற்று வரும், மண்ணில் வெறுங்காலோடு நிற்கலாம், சத்தமாகச் சிரிக்கலாம். மூத்தாப்பா மவுத்தான வருடம் மூத்தம்மா இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டவில்லை. அந்த நாட்களில் அவர் பின்வளவில் பயற்றங்காய்க் கம்புகளுக்கிடையில் இருந்து களை பிடுங்குவார், தஸ்பீஹ் ஓதுவார், சில நேரம் சும்மா இருப்பார். அவரை அங்கே இருந்து கூப்பிட வேண்டாம் என்று உம்மா எங்களுக்குச் சொல்லியிருந்தார். அந்த வளவு இல்லாமல் இருந்திருந்தால் அவர் அந்த நான்கு மாதத்தை ஒரு கட்டிலில் கழித்திருக்க வேண்டும்.

பெற்றோர் இதைப் படிப்பீர்கள் என்பதால், உங்கள் முதல் கேள்வியையும் நானே கேட்கிறேன். உயர்தரப் பிள்ளைக்கு மண்ணில் என்ன வேலை? உயர்தரப் பரீட்சை வருகிறது. கடந்தகால வினாத்தாளோடு இருக்க வேண்டிய நேரம். என் மாமி ஒருவர் வரும்போதெல்லாம் என் நகத்தைத்தான் முதலில் பார்ப்பார். தோட்டத்துக்கு நான் செலவழிப்பது காலையில் பதினைந்து நிமிடம், அஸருக்குப் பிறகு இருபது நிமிடம். போன் பார்க்கிற நேரத்தோடு இதை ஒப்பிட்டு நான் வாதாட வரவில்லை. அப்படி வாதாடினால் போனைப் பறித்துவிட்டுத் தோட்டத்தையும் பறிக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது காலையில் விளங்காமல் கிடந்த இரசாயனவியல் கணக்கு ஒன்று தானாக அவிழ்வதை நான் அனுபவித்திருக்கிறேன். ஆவியுயிர்ப்பைப் படித்தவள், பிற்பகல் மூன்று மணிக்குத் தொங்கிப்போன பூசணி இலை இரவில் தண்ணீர் விடாமலே நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் அந்தப் பாடத்தை மறக்கமாட்டாள்.

இப்போது கல்லைப் பற்றி. எங்கள் ஊர்க் கிணற்றில் இருப்பது மழை கொடுத்த நன்னீர். அது கீழேயுள்ள உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. ராத்தா புவியியல் படித்தவர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உவர்நீரைத் தள்ளிவைக்கும் என்று அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். மறுபுறமாக யோசித்தால், மேலே ஓர் அடி குறைந்தால் கீழே எவ்வளவு உப்பு ஏறி வரும்? 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகிப்போனதையும், மாரிகள் வந்து வந்துதான் அவை கழுவுப்பட்டதையும் எங்கள் பெரியவர்கள் மறக்கவில்லை. அந்த மழை மண்ணுக்குள் இறங்கியது முற்றங்கள் மண்ணாக இருந்ததால். இன்று முற்றத்தில் விழுகிற மழை கல்லில் ஓடி ஒழுங்கைக்கு வருகிறது, ஒழுங்கையிலிருந்து யாரோ ஒருவரின் வீட்டுக்குள் போகிறது. 2024 நவம்பர் இறுதி வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே சில நாட்கள் நிறுத்தப்பட்டது. அந்த வெள்ளத்துக்கு முற்றத்துக் கல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அது பெரிய மழை. எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் வடிய முன்னையைவிட இரண்டு நாள் கூட எடுத்ததை மட்டும் பார்த்தேன்.

கல்லைவிடப் பெரிய விடயம் வீடு. இதைப் பேச எனக்கு வயதில்லை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இது என் பெயரில் நடக்கப்போகிற காரியம்.

மூத்தம்மா கலியாணம் முடித்த காலத்தில் இந்த வளவு அரை ஏக்கர், 80 பேர்ச். மா, பலா, தென்னை, ஆட்டுப்பட்டி எல்லாம் இருந்ததாம். அவருக்கு மூன்று பெண்மக்கள். எங்கள் பகுதி வழக்கப்படி பெண்பிள்ளைக்குப் பெற்றோர் வீடு கொடுக்க வேண்டும். பெரியும்மாவுக்கு ஒரு பங்கு, உம்மாவுக்கு ஒரு பங்கு, சாச்சிக்கு ஒரு பங்கு. நடுவில் ஒழுங்கை போக எங்களுக்கு வந்தது 25 பேர்ச். நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். முன்னால் இருக்கிற வீடு ராத்தாவுக்கு. எனக்குரிய வீடு கட்ட இடம் எங்கே? பந்தல் நிற்கிற இடம்தான், வாழை நிற்கிற இடம்தான், மூத்தம்மா இருந்து தஸ்பீஹ் ஓதிய இடம்தான். சென்ற மாதம் வாப்பாவும் மேசன் நானாவும் அளவு நாடாவோடு பின்வளவில் நடந்தார்கள். மேசன் நானா முருங்கையைக் காட்டி, "இது போகும்" என்றார்.

வாப்பா வெளிநாட்டில் பதினொரு வருடம் உழைத்தவர். எனக்கு ஒரு வீடு கட்டுவதுதான் அவருக்கு மிச்சமிருக்கிற பெரிய கவலை. அந்தக் கவலையை நான் லேசாக எடுக்கவில்லை, அதற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தையும் போதாது. ஆனாலும் பெற்றோரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். 80 பேர்ச் 25 ஆனது. 25 இப்போது 12 ஆகப்போகிறது. எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கு ஆறு ஆறு பேர்ச். அந்தப் பிள்ளைகள் பீர்க்கம்பூவை எங்கே போய்ப் பார்ப்பார்கள்? பெண்ணுக்குக் கொடுக்கிறோம் என்று சீமெந்தை மட்டும் கொடுக்கிறோம். அவளுக்கு நிற்க ஒரு துண்டு மண்ணும் கொடுங்கள். முன்வீட்டுக்கு மேலே மாடி எடுத்தால் அத்திவாரச் செலவு மிச்சம், பின்வளவும் மிச்சம். அதற்கு இப்போதுள்ள அத்திவாரம் தாங்குமா என்பதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்க வேண்டும். தாங்காவிட்டால், வீட்டை நாலு அடி சுருக்கிக் கிணற்றடியையும் முருங்கையையும் விடலாம். வரவேற்பறை நாலு அடி குறைந்தால் எந்த மாப்பிள்ளை வீட்டாரும் திரும்பிப் போய்விடமாட்டார்கள். போனால் போகட்டும் என்று மூத்தம்மா சொல்லியிருக்கிறார், நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். மறுத்தும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. "மாரி முடியட்டும், பார்ப்பம் மகள்" என்றார். அடுத்த நாள் அஸருக்குப் பிறகு அவர் தனியாகப் பின்வளவில் நின்று மதிலிலிருந்து முருங்கை வரைக்கும் காலடியால் அளந்ததை உம்மா பார்த்திருக்கிறார். எத்தனை அடி என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

செப்டெம்பர் கடைசி என்றால் விதை எடுக்கிற காலம். பயற்றங்காயில் அடிக்கொடிக் காய்களைப் பறிக்காமல் விட்டு, காய்ந்து சருகானதும் உரித்து எடுத்தாயிற்று. வெண்டிக்காய் வெடித்துவிட்டது. கத்தரி விதையைக் கழுவிச் சாம்பலில் பிரட்டி நிழலில் காயவைத்திருக்கிறோம். எல்லாம் பழைய ஜாம் போத்தல்களில், ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் பெயர். பீர்க்கு மட்டும் இரண்டு இன்னும் பந்தலில் தொங்குகின்றன, காற்றுக்கு ஆடும்போது உள்ளே விதை குலுங்குகிற சத்தம் கேட்கிறது. அவை இறங்கியதும் முதல் மழைக்கு முன் பங்கிட்டுவிடுவேன். வேண்டியவர்கள் உயர்தர உயிரியல் வகுப்பில் வந்து கேளுங்கள், கடதாசிச் சுருளில் கட்டித் தருகிறேன். தக்காளி விதை கேட்காதீர்கள், அது மூத்தம்மாவின் பொறுப்பு.